ஊர்ப் பெயரைத் தட்டினால் பஸ் நேரம்: ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட்

ஃபிரேம்வொர்க்குகளை ஒப்பிடுகிறவர்கள் எப்போதும் செய்து காட்டுவது ஒரு 'டூ-டூ' பட்டியல். அதில் எதுவுமே தோற்காது. அதனால் நம்மூர் வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். பெங்களூரு நெடுஞ்சாலையோரம் குத்தம்பாக்கத்தில் சிஎம்டிஏ கட்டிய பேருந்து முனையத்தை மனதில் வைத்து ஒரு பக்கம். ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டினால் பஸ் நேரம் வர வேண்டும். நேரங்கள் சும்மா மாதிரிக்கு. அதே பக்கத்தை மூன்றிலும் எழுதி, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஓட்டினேன். பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பலர் கையில் அதுதானே இருக்கிறது.

ஃபேஸ்புக் 2013-ல் வெளியிட்ட ரியாக்டில் தேடல் எழுத்துக்கு எழுத்து ஓடியது. ஆனால் நாம் ஒரு வரி எழுதுமுன்பே, சுருக்கிய நிலையிலும் 40 கிலோபைட்டுக்கு மேல் இறங்கிவிடுகிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் அந்த வெள்ளைத் திரை கொஞ்சம் அதிகமாகவே நீள்கிறது.

எவான் யூ 2014-ல் கொண்டுவந்த வியூ, எச்டிஎம்எல் தெரிந்தவருக்கு உடனே புரியும். மூன்றில் எழுத எனக்குப் பிடித்தது இதுதான். சிக்கல் தேடல் பெட்டியில் வந்தது. 'காஞ்சி' வரை தட்டியும் பட்டியல் அசையவில்லை. ஸ்பேஸ் தட்டியதும் திடீரென்று மாறியது. காரணம், பெட்டியில் தட்டுவதைத் தரவோடு இணைக்கும் வியூவின் வி-மாடல். கீபோர்டு ஒரு சொல்லை இன்னும் கோத்துக்கொண்டிருக்கும்போது வி-மாடல் காத்திருக்கும். சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகளை எண்ணிச் செய்த ஏற்பாடு இது; வியூ ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கீபோர்டுகளோ தமிழ்ச் சொல்லையும் அப்படித்தான் கோக்கின்றன.

ரிச் ஹாரிஸ் 2016-ல் தொடங்கிய ஸ்வெல்ட், பெரும்பாலான வேலையை பில்டு செய்யும்போதே முடித்துவிடுகிறது. போனுக்கு வந்த கோப்பு மூன்றில் இதற்குத்தான் சிறியது. 2024-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 'ரூன்' என்ற புது முறையைப் புகுத்திவிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களைப் பார்த்து எழுதினால் குழப்பம்தான்.

ஆங்குலரைத் தொடவில்லை. ஒரு கிலோ அரிசிக்கு லாரி எதற்கு?

மூன்றும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. 'இரண்டு எழுத்து தட்டியதும் தேடு' என்று நிபந்தனை வைத்தேன். 'கா' என்றதுமே தேடல் கிளம்பிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அது 'க'வும் துணைக்காலும். 'காஞ்சி' என்றால் ஆறு. நம் கண்ணுக்குத் தெரியும் மூன்று எழுத்தாக எண்ண பிரவுசரிலேயே இன்டில்.செக்மென்டர் இருக்கிறது. எந்த ஃபிரேம்வொர்க் எடுத்தாலும் இதை நாமேதான் சேர்க்க வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு என் தேர்வு ஸ்வெல்ட். பூந்தமல்லி பக்கம் கல்லூரியில் படித்துக்கொண்டு வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு ரியாக்ட்தான். விளம்பரங்களில் அதிகம் கேட்பது அதைத்தான். அதற்காக அதையே உலகம் என்று எண்ண வேண்டாம்: நம் ஜோஹோ, லைட் என்று தனக்கென ஒரு ஃபிரேம்வொர்க்கையே எழுதி வைத்திருக்கிறது. வியூவை விட மனமில்லாதவர்கள் தேடல் பெட்டியில் மட்டும் வி-மாடலை எடுத்துவிட்டு, வேல்யூவையும் இன்புட் நிகழ்வையும் தனித்தனியாகக் கட்டுங்கள். தட்டத் தட்டப் பட்டியல் மாறும்.