மாளிகை உச்சியிலிருந்து ஒரு நகரம்

பெருநகரத்தைப் பனோரமாவாக எடுப்பவர்கள் ஒரு வாக்குறுதி தருகிறார்கள்: எதையும் விடவில்லை. சாதாரணப் படம் ஒரு மூலையைக் காட்டிவிட்டு மற்றதை வெட்டிவிடும். சுற்றிவர 360 பாகையும் எடுத்தாயிற்று என்றால் வெட்டுவதற்கு என்ன மிச்சம்? இந்த வாக்குறுதியை உரசிப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ தோதான ஊர். தங்க வேட்டையில் திடீரென்று பெருத்தது, 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தது, மறுபடி வானளாவ எழுந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் உயரத்தில் ஏறி நின்று அதை அகலமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறார்.

அவற்றில் தலைசிறந்தது 1878-ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்தது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன என்று படங்களால் காட்டினாரே, அதே மைபிரிட்ஜ்தான். அந்தக் குதிரைப் படங்களும் அதே ஆண்டுதான். நாப் ஹில் குன்றின்மேல் ரயில்வே முதலாளி மார்க் ஹாப்கின்ஸ் கட்டிவந்த மாளிகையின் கோபுரத்தில் ஏறிக்கொண்டு 13 படங்கள் எடுத்தார். வரிசையாக விரித்தால் ஏறத்தாழ 17 அடி நீளம். அன்றைய ஈரத்தகட்டு முறையில் பெரிய கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். ஒரு சுற்று முடியப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் சூரியன் நகர்ந்துவிடும்.

ஏழாவது படத்தைக் கவனித்தால் இது பிடிபடும். அதில் விழும் நிழல்கள் பக்கத்துப் படங்களின் நிழல்களோடு ஒத்துப்போவதில்லை. மற்றவற்றை முடித்த பிறகு, பொழுது சாய்ந்த வேளையில் எடுத்துச் செருகிய படம் அது. பலரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். என் கணக்கில் அந்த 17 அடியில் மிக நேர்மையான இடம் அதுதான். ஒரே பார்வையில் கண்டதுபோல் விரிந்து கிடக்கும் இந்த நகரம் உண்மையில் எந்த ஒரு கணத்திலும் அப்படி இருந்ததில்லை என்பதை அந்த ஒட்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உயரம் தரும் சலுகைகளை மறுக்க முடியாது. தெருக்கள் எப்படிக் குன்றேறுகின்றன, துறைமுகம் எங்கே தொடங்குகிறது, பணக்காரர் வீடுகளும் மர வீடுகளும் எவ்வளவு நெருக்கத்தில் நிற்கின்றன என்பதையெல்லாம் வரைபடமும் சொல்லாது, தெருப்படமும் சொல்லாது. எடுப்பவர் கருதாததும் அதில் சிக்கிவிடும். இன்னொரு ரயில்வே முதலாளியான சார்லஸ் கிராக்கர் தம் மாளிகைக்காக அதே குன்றில் ஒரு பகுதியையே வளைத்துப்போட்டார். இறுதிச்சடங்குத் தொழில் செய்த நிக்கோலஸ் யுங் மட்டும் தம் வீட்டை விற்க மறுத்தார். கோபத்தில் கிராக்கர் அந்த வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் 40 அடி உயரத்துக்குப் பலகை வேலி எழுப்பினார். யுங்குக்கு வெயிலும் போயிற்று, காற்றும் போயிற்று. மைபிரிட்ஜின் படத்தில் அந்த வேலி நிற்கிறது. அழகான காட்சியைத் தேடித் தேர்ந்தெடுக்கும் கலைஞன் அதை ஓரங்கட்டியிருப்பான். பனோரமா பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டதால் ஒரு பணக்கார வன்மத்துக்குச் சாட்சி கிடைத்தது.

ஆனால் விவரம் தெரியாதவருக்கு அது வெறும் பலகைச் சுவர். ஏன் அங்கே நிற்கிறது, யார் வீட்டு வெளிச்சத்தை மறைக்கிறது என்று படம் சொல்லாது. இங்கேதான் இந்தக் கலையின் பெரிய ஓட்டை. நிற்கும் பொருள்களைப் பதிவு செய்யும் அளவுக்கு நடக்கும் மனிதர்களை அதனால் பதிவு செய்ய முடிவதில்லை. மைபிரிட்ஜின் தெருக்கள் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் அதே நகரத்தில் சீனர்களுக்கு எதிராகப் பெரும் கலவரம் நடந்தது. அக்டோபரில் வேலையில்லாத தொழிலாளர் கூட்டம் அதே நாப் ஹில்லுக்கே வந்து முதலாளிகளை எச்சரித்தது. படத்தில் அந்தக் கொதிப்பின் சுவடே இல்லை. எங்கே நின்று எடுத்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த உச்சி ஒரு முதலாளியின் சொத்து. அங்கிருந்து பார்த்தால் ஊர் அடங்கி ஒடுங்கியதாகத்தான் தெரியும்.

1906 மே மாத இறுதியில், நிலநடுக்கம் முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், சிகாகோக்காரரான ஜார்ஜ் லாரன்ஸ் பட்டங்களை வரிசையாகக் கட்டி, அவற்றில் சுமார் 22 கிலோ எடையுள்ள கேமராவைத் தொங்கவிட்டார். விரிகுடாவுக்கு மேலே ஏறத்தாழ 2,000 அடி உயரத்திலிருந்து இடிபாடுகளைப் படமெடுத்தார். தொழில்நுட்பத்தில் அசாத்திய சாதனை. படிகளை விற்று நன்றாகச் சம்பாதிக்கவும் செய்தார். எந்தத் தெரு எரிந்தது, எது தப்பியது என்பதை அதில் தெருத்தெருவாகப் பார்க்கலாம். இறந்தவர்களைப் பார்க்க முடியாது. அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு 500-ஐத் தாண்டவில்லை. பிற்கால ஆய்வு 3,000-க்கு மேல் என்றது. அவ்வளவு பெரிய படம் இந்தப் பொய்க்கணக்கைத் தட்டிக்கேட்க எந்த உதவியும் செய்யவில்லை.

பனோரமா உண்மையில் வலுப்பெறுவது அதே இடத்துக்குத் திரும்பி வரும்போதுதான். ஹாப்கின்ஸ் மாளிகை தீயில் போனபின், அந்த மனையில் 1926-ல் அவர் பெயரிலேயே ஒரு ஹோட்டல் எழுந்தது. அங்கிருந்து 1990-ல் மார்க் கிளெட் என்ற புகைப்படக்காரர் மைபிரிட்ஜின் கோணங்களைப் பின்பற்றி மறுபடி படமெடுத்தார். அன்று விரிகுடா வரை பாய்ந்த பார்வையை இன்று அடுக்குமாடிகள் மறிக்கின்றன. கிராக்கர் வளைத்த நிலத்தில் கிரேஸ் கதீட்ரல் நிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்த பிறகுதான் பழைய படம் பேசத் தொடங்குகிறது. அப்போதும் ஒரு சங்கடம் உண்டு. இடையிலே 112 ஆண்டுகள். மறுசீரமைப்பு என்ற பெயரில் வெஸ்டர்ன் அடிஷன் பகுதியிலிருந்து கறுப்பினக் குடும்பங்களும் ஜப்பானியக் குடும்பங்களும் கிளப்பி அனுப்பப்பட்டது அந்த இடைவெளியில்தான். ஜோடிப் படங்களைப் பார்ப்பவருக்கு நகரம் மரம்போல் தானாக வளர்ந்ததாகத் தோன்றும். யாரோ முடிவெடுத்தார்கள், யாரோ வெளியேறினார்கள் என்பது தோன்றாது.

கைப்பேசிப் பனோரமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேரான சாலை வளைகிறது, கடந்துபோகும் பேருந்து பாதியாகிறது; ஒட்டுகளை மென்பொருள் பூசி மெழுகிவிடுகிறது. மைபிரிட்ஜின் ஏழாவது படம் வெளிச்சமிட்டுக் காட்டியதை இது மூடி மறைக்கிறது. கூகுள் ஸ்ட்ரீட் வியூ இதைவிட மேல். 2007-ல் முதலில் தொடங்கிய ஐந்து நகரங்களில் சான் பிரான்சிஸ்கோவும் ஒன்று. 2014 முதல் பழைய தேதிகளின் படங்களையும் அதில் புரட்டிப் பார்க்கலாம். கண் தரைக்கு இறங்கி வந்திருக்கிறது, திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் எந்த ஆண்டின் படம் நிலைக்கும் என்பது ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

ஆகவே மொட்டை மாடியில் நின்று ஊரைப் பனோரமா எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதி, நேரம், எந்தக் கட்டடம், எந்தத் திசை என்பதைப் படத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று எடுங்கள். பிறகு கீழே இறங்கி, படத்தில் தெரியும் வீடுகளில் இரண்டு மூன்றின் கதவைத் தட்டி, அங்கே யார் இருக்கிறார்கள், எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்று கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.