சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள சுரம்

கார்ட் தாளில் ஸ்லாஷ், அதாவது சாய்கோடு, வந்தால் அதற்குப் பின்னால் உள்ள அடிச்சுரத்தை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் கார்டை மட்டும் வாசித்தால் போதும் என்று தொடக்கநிலை மாணவர்களுக்குச் சொல்லும் கிட்டார் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் சொல்லும் நியாயங்களில் பாதி உண்மைதான். கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாம் தந்தியை அழுத்துவது சிறிய கைக்குச் சிரமம். நாலு பேர் கூடிப் பாடும் இடத்தில் அடிச்சுரம் விடுபட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஆனால் இந்தச் சலுகை பறிப்பது எதை? பீட்டில்ஸின் 1968ஆம் ஆண்டுப் பாடல் ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’. அதன் தொடக்கத்தை ஏ மைனர், ஏ மைனர்/ஜி, டி/எஃப் ஷார்ப், எஃப் என்று எழுதுவது வழக்கம். அடிச்சுரங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள்: திறந்த ஐந்தாம் தந்தி, பிறகு ஆறாம் தந்தியில் மூன்றாம், இரண்டாம், முதல் ஃப்ரெட். ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப். படிப்படியாக இறங்கும் இந்த வரியில்தான் பாட்டின் துயரமே இருக்கிறது. சாய்கோட்டை விட்டால் முதல் இரண்டு கார்டும் ஒன்றாகிவிடும். அடிச்சுரம் மேலே டிக்குத் தாவி, எஃப்புக்குத் தொப்பென்று விழும்.

பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். ஆனால் 1996இல் ‘ஆந்தாலஜி 3’ தொகுப்பில் வெளியான இதே பாடலின் ஆரம்பப் பதிவில் பேஸ் கிட்டாரே கிடையாது. ஜார்ஜ் ஹாரிசனின் அகௌஸ்டிக் கிட்டாரும் ஹார்மோனியமும்தான். இறக்கம் முழுவதையும் அந்தக் கிட்டார்தான் சுமக்கிறது. வீட்டில் தனியாக வாசிக்கும் மாணவரின் நிலையும் இதுதானே?

கடினமென்றால் மேலே குறையுங்கள், கீழே கைவைக்காதீர்கள். வழக்கமான டி கார்டில் முதல் தந்தியில் இருக்கும் நடுவிரலை எடுத்து, ஆறாம் தந்தியின் அதே இரண்டாம் ஃப்ரெட்டில் வையுங்கள். மற்ற இரு விரல்களும் அசைய வேண்டாம். நடுவிரல் நுனியால் ஐந்தாம் தந்தியை அடக்கி, முதல் தந்தியைத் தொடாமல் மீட்டினால் டி/எஃப் ஷார்ப் வந்துவிடும். மேலே போன எஃப் ஷார்ப் கீழே கிடைத்துவிட்டதால் கார்டில் ஒரு சுரமும் குறையவில்லை. கட்டைவிரலுக்கும் வேலையில்லை.

இவ்வளவு எளிய வழி இருக்கும்போது ஸ்லாஷை அழிக்கச் சொல்வது மாணவருக்குச் செய்யும் உதவி அல்ல. அவருடைய காதை அடைப்பது அது. கைக்கு நாலு வடிவங்கள் பழகும். கார்டுகள் ஒன்றையொன்று எப்படி இழுத்துச் செல்கின்றன என்பது கடைசிவரை கேட்காது. ஆசிரியர்களே, ஸ்லாஷ் கார்ட் வரும் பாட்டில் முதல் நாள் அடிச்சுரங்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். கார்டை அடுத்த வகுப்பில் பிடிக்கட்டும்.