அகக்காட்சியும் அயல்மொழிக் கல்வியும்: ஒரு மதிப்பீடு

1. அயல்மொழி கற்கும் ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா மொழி கற்பித்தல் ஆய்வில் நெடுங்காலமாக உள்ளது. மாண்ட்ரியலில் பிரெஞ்சு பயின்ற ஆங்கில மாணவரை ஆராய்ந்த கார்ட்னரும் லாம்பர்ட்டும் (1959) அம்மொழியினரோடு இயைய விழையும் மனநிலைக்கு முதன்மை தந்தனர். அங்கேரியில் 1993, 1999, 2004 ஆகிய ஆண்டுகளில் டோர்ன்யை குழுவினர் நடத்திய கள ஆய்விலும் இவ்விழைவே மேலோங்கியது. ஆனால் அங்கு இயைவதற்கு ஆங்கிலச் சமுதாயம் ஒன்று அருகில் இல்லை. இம்முரணை விளக்கவே டோர்ன்யை, மார்க்கஸ்–நூரியஸ் (1986) வகுத்த 'இயலக்கூடிய தன்னுரு' என்னும் உளவியல் கருத்தை 2005-இல் மொழிக் கல்விக்குக் கொணர்ந்தார். கற்பவர் தாம் எய்த விரும்பும் தன்னுரு, பிறர் எதிர்பார்க்கும் தன்னுரு, கற்றல் பட்டறிவு என்பன இக்கொள்கையின் மூன்று கூறுகள்.

2. இதன் வகுப்பறை வடிவத்தை டோர்ன்யையும் குபன்யோவாவும் 2014-இல் வெளியிட்ட நூல் விரித்துரைக்கிறது. காட்சியைப் படைத்தல், வலுப்படுத்தல், நம்பத்தக்கதாக்கல், செயலாக மாற்றல், உயிர்ப்புடன் காத்தல், தோல்வியையும் எண்ணிப் பார்த்துச் சமன்செய்தல் என அது ஆறு நிலைகளைக் கூறுகிறது. இந்நூலின் மையச் சொல்லைத் 'தொலைநோக்கு' எனத் தமிழாக்குதல் பொருந்தாது. அரசுத் திட்ட அறிக்கைகளில் வழங்கும் அச்சொல் இலக்கையே சுட்டும். இங்குக் கருதப்படுவதோ கண்ணால் காண்பதுபோலவும் செவியால் கேட்பதுபோலவும் மனத்தில் எழும் புலனுணர்வுக் காட்சி. ஆதலின் 'அகக்காட்சி' என்பதே தகும்.

3. இக்கொள்கைக்குரிய சான்றுகளைத் தொகுத்து அல்-ஹூரி (2018) செய்த மீளாய்வு 32,078 பேரை உள்ளடக்கியது. எய்த விரும்பும் தன்னுருவுக்கும் முயல்வேன் என்னும் எண்ணத்துக்கும் உள்ள ஒட்டுறவு 0.61, அத்தன்னுருவுக்கும் உண்மையான தேர்ச்சிக்கும் உள்ளதோ 0.20 மட்டுமே. முன்னதன் இரு பக்கங்களும் கற்பவரின் தன்கூற்றே என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். விருப்பத்தைச் சொல்பவர் முயற்சியையும் சொல்வது இயல்பு. அது கற்றலுக்குச் சான்றாகாது.

இவ்விடைவெளிக்கு விளக்கம் ஒன்று உளவியலில் கிடைக்கிறது. ஃபாம், டெய்லர் (1999) ஆகியோரின் சோதனையில், உயர்ந்த மதிப்பெண் பெற்றதாகக் கற்பனை செய்த கல்லூரி மாணவரைவிட, படிக்கும் முறையைக் கற்பனை செய்த மாணவரே மிகுதியாகப் படித்து நன்கு தேறினர். பயனின் காட்சி மனநிறைவு தரக்கூடும். வழியின் காட்சியே செயலைத் தூண்டுகிறது. எனவே மேற்கூறிய ஆறனுள் மூன்றாம், நான்காம் நிலைகளே ஆசிரியரின் நேரத்தைப் பெரிதும் பெறத்தக்கவை. 'பாரிசில் சரளமாகப் பேசுகிறேன்' என்னும் காட்சியைவிட, 'பயணச்சீட்டு வாங்கும் இடத்தில் எந்தத் தொடரைச் சொல்வேன்?' என்னும் காட்சி பயனுடையது. அறியாத சொல் எதுவென அது உடனே காட்டிவிடும்.

4. மற்றொரு குறையும் சுட்டத்தக்கது. இக்கொள்கைவழி அமைந்த வினாநிரல்களில் பேசும் காட்சிகளே மிகுதி. மொழிபெயர்ப்புக்காக ஜெர்மன் பயில்பவரின் அகக்காட்சி உரையாடல் அன்று. ஒரு நெடுந்தொடரின் இறுதியில் வரும் வினையைக் கண்டு பொருளை முழுமையாக்கும் வாசகரின் காட்சி. அவரைப் பேசுபவராகக் கற்பனை செய்யச் சொல்லுதல் அவர் நோக்கத்தை மாற்றுவதாகும். அகக்காட்சியை ஆசிரியர் வழங்கலாகாது. கற்பவரின் தேவையினின்று அது உருவாதல் வேண்டும். இவ்வரையறையுடன் ஏற்பின் கொள்கை பயன் தரும். இன்றேல் அது மொழி கற்கும் பொழுதை மொழி பற்றிய கனவுக்குச் செலவிடுவதாக முடியும்.