கங்கின் கணக்கு

அடுப்பு வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது கிலோவாட். வீட்டு கேஸ் அடுப்பில் பெரிய பர்னர் 3 அல்லது 4. சீன உணவகத்து வாணலிப் பர்னர் 20ஐத் தாண்டும். குளிர்நாட்டில் விறகு அடுப்பு வாங்குகிறவர்களும் இப்படித்தான் எண்களை ஒப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் கிலோவாட், அமெரிக்காவில் பி.டி.யூ.; மணிக்கு 3,412 பி.டி.யூ. ஒரு கிலோவாட்டுக்குச் சமம். அந்த எண் கொழுந்துவிட்டு எரியும்போது அளந்ததா, ஒருமுறை விறகு வைத்துத் தணியும்வரை எடுத்த சராசரியா என்று கேட்காமல் ஒப்பிடுவதில் பயனில்லை. கேட்டாலும் பாதிக் கதைதான் தெரியும். மீதியை அறியப் பினாங்கில் சாப்பிட வேண்டும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில்தான் எத்தனை விதமான தீ! குவான் யின் கோயில் வாசலில் ஊதுவத்திகளின் கனல். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர் (கப்பித்தான் கெலிங்) காதர் முகைதீன் காலத்தில், 1801இல் எழுந்த பள்ளிவாசலில் ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சி. இருட்டிய பிறகு வரிசை நீளும் நாசி கண்டார் கடையில் ஆவி பறக்கும் குழம்புகள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், கேம்பல் தெருவின் சந்தொன்றில் தோ சூன் காப்பிக்கடை. பழைய எண்ணெய் டிரம்முக்குள் கரியைப் போட்டு ரொட்டி வாட்டுகிறார்கள். என் ஓட்டு அந்த டிரம்முக்கே.

அந்த ரொட்டியின் மேல்புறம் பல்லில் நொறுங்கும், உள்ளே மெதுமெதுவென்று இருக்கும். காரணம் நெருப்பின் ஈரத்தில் இருக்கிறது. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. ஈர மூச்சு விடும் நெருப்பு அது. நல்ல கரி பெரும்பாலும் கார்பன்தான், எரிந்தாலும் ஈரம் அதிகம் வராது. அதன் சூட்டில் பெரும்பங்கு கதிராகவே பாய்ந்து ரொட்டியின் மேல்தோலில் இறங்குகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவதற்குள் மேல்புறம் சிவந்துவிடும். கிலோவாட் எண்ணில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

எண்ணையும் பார்ப்போம். ஒரு கிலோ கரியில் சுமார் 29 மெகாஜூல் வெப்பம் உண்டு. அது இரண்டு மணி நேரம் நின்று எரிந்தால் சராசரி 4 கிலோவாட். வீட்டு பர்னர் அளவுதான். ஆனால் கரிக்கு விசிறி இருக்கிறது. 600 டிகிரியில் மங்கிய சிவப்பாகக் கிடக்கும் கங்கை விசிறி 800க்கு ஏற்றினால், அது வீசும் கதிர்ச்சூடு இரண்டு மடங்கைத் தாண்டும். கதிர்ச்சூடு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் வரும் ஜாலம். பர்மா சாலை ஓரத்தில் சின்னச் சின்னக் கரியடுப்புகளை வரிசையாக வைத்து அப்பம் சுடுகிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் கையிலேயே இருக்கிறது. ஒரு கங்கைத் தள்ளி வைப்பார்கள், இன்னொன்றின் மேல் சாம்பலைப் படர விடுவார்கள். அப்பத்தின் ஓரம் சரியான நேரத்தில் பொன்னிறமாகிறது.

கரியின் குணம் காட்டிலேயே தொடங்குகிறது. பேராக்கின் மத்தாங் அலையாத்திக் காடு 40,000 ஹெக்டேர் பரப்பு. மரத்தை 30 ஆண்டு வளரவிட்டு வெட்டும் முறை அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. கோலா செப்பெத்தாங்கின் செங்கல் சூளைகளில் பாக்காவ் எனும் அலையாத்தி மரத்தின் துண்டுகளைப் பட்டை உரித்து நிறுத்தி, வாயில் தீ மூட்டி, பிறகு அடைத்துவிடுகிறார்கள். ஒரு மாதம்போல ஆகும். உள்ளே என்ன நடக்கிறதென்பதை வெளிவரும் புகையின் வாசத்தைக் கொண்டே சூளைக்காரர் சொல்லிவிடுவார். கெட்டியான மரம், பொறுமையான சூடு. அதனால்தான் அந்தக் கரி சீராக, நின்று எரிகிறது.

இவ்வளவு சொன்னவன் பினாங்கின் சயாம் சாலையில் கரியடுப்பில் வறுக்கும் சார் குவே தியாவ் நூடுல்ஸையும் அதே காரணத்துக்காகப் புகழ வேண்டும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. கங்கின் கதிர் வாணலியின் இரும்போடு நின்றுவிடுகிறது, நூடுல்ஸைத் தொடுவதில்லை. பலமான கேஸ் பர்னரும் அந்த இரும்பை அதே அளவு காய்ச்சும். அங்கே நான் ரசிப்பது கையைத்தான்: கூட்டம் எவ்வளவு நின்றாலும் ஒரு தட்டுக்கான அளவை மட்டும் போட்டுக் கிண்டும் பொறுமை.

விறகின் கணக்கு வேறு. காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல். ஒரு கிலோ அரைமணியில் எரிந்தால் 8 கிலோவாட்டுக்கு மேல். கேட்கப் பிரமாதம்தான். ஆனால் மூன்று கல் அடுப்பில் அதில் ஏழில் ஒரு பங்குபோலத்தான் பாத்திரத்துக்குப் போகிறது. கேஸ் அடுப்பில் பாதியாவது போய்ச் சேரும். எண்களில் விறகு தோற்கும் இடம் இது. இருந்தும் ஊருக்கே கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சாவுக்கு விறகைத்தான் நான் சொல்வேன். அரிசியும் பருப்பும் கொதிவரும்வரை கொழுந்து வேண்டும். குழையத் தொடங்கியதும் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விட்டால் போதும். இஞ்சி பூண்டு வாசம் அதற்குப் பிறகுதான் கஞ்சிக்குள் இறங்கும், அடியும் பிடிக்காது.