முனையைக் கவ்வும் சுட்டி
2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்னாப்பிங்' வசதி. பக்கத்துப் பக்கத்து வயல்களைத் தனித்தனியாக வரைந்தால் நடுவே மயிரிழை இடைவெளி விழும். பெரிதாக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பரப்பளவுக் கணக்கு பிசகிவிடும், யாருக்கும் சேராத நிலம் ஒன்று வரைபடத்தில் முளைத்துவிடும். ஸ்னாப்பிங்கை இயக்கினால், சுட்டி பழைய முனையை நெருங்கியதும் இளஞ்சிவப்புச் சதுரம் தோன்றும். சொடுக்கியதும் புதிய புள்ளி அதே ஆயத்தொலைவில் கச்சிதமாக அமரும். எத்தனை பிக்சல் தொலைவிலிருந்து கவ்வ வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். கூட்டிவைத்தால் வேண்டாத முனைக்குத் தாவும். குறைவாக வைப்பதே நல்லது. 'டோபாலஜிக்கல் எடிட்டிங்' சேர்ந்தால் இன்னும் அழகு: பொதுவரப்பின் முனையொன்றை நகர்த்தினால் இரண்டு வயல்களின் எல்லையும் சேர்ந்தே நகர்கிறது.