பக்கைத் துரத்தாத கண்

ஐஸ் ஹாக்கியை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான்: “பக் எங்கே போச்சுன்னே தெரியலை.” மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம், அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையைத் துரத்தினால் கண்தான் களைக்கும். பக் வைத்திருப்பவரை விட்டுவிடுங்கள். பக் இல்லாமல் சறுக்கிப் போகிறாரே, அவரைப் பாருங்கள். ஆளில்லாத இடம் தேடி அவர் போகிறார். அவர் போய்ச் சேரும் நொடியில் பக்கும் அங்கே வந்து சேர்கிறது. இது பிடிபட்டுவிட்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி.

இதைப் பழகுவதற்கு அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் 1953-54 பருவத்தைத்தான் நான் சொல்வேன். இத்தனை காலம் கழித்து நமக்குத் துணை பெரும்பாலும் ஸ்கோர் அட்டைகளும் புகைப்படங்களும்தான். எனவே அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அவருக்குப் பாஸ் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. அதற்கு முந்தைய பாஸைக் கொடுத்தவருக்கும் ஒன்று கிடைக்கலாம். அடித்த கைக்கும் கொடுத்த கைக்கும் ஒரே மதிப்பு. விளையாட்டுகளில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது.

இந்தக் கணக்கோடு ஜான் மயாசிச்சிடம் வாருங்கள். மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, இரும்புச் சுரங்க ஊரான எவலெத்தின் பிள்ளை. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காக அவர் எடுத்தவை 298 புள்ளிகள்: 144 கோல், 154 பாஸ். அடித்ததைவிடக் கொடுத்தது அதிகம். 1954 மார்ச்சில் தேசியப் போட்டியின் அரையிறுதியில் பாஸ்டன் கல்லூரியை மினசோட்டா 14-1 என்று நொறுக்கியபோதும் அப்படியே. மூன்று கோல், நான்கு பாஸ். பயிற்சியாளர் ஜான் மரியூச்சியும் எவலெத்காரர். பல கல்லூரிகள் கனடாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில் உள்ளூர்ப் பையன்களை நம்பியவர்.

புகைப்படம் கிடைத்தால் மட்டையின் நுனியைக் கவனியுங்கள். நேராக இருக்கும். வளைந்த மட்டைகள் பரவியது 1960-களில்தான். நேர்மட்டைக்கு இரண்டு பக்கமும் ஒன்று. புறங்கைப் பக்கமாகவும் அதே துல்லியத்தோடு பாஸ் போகும். எந்தப் பக்கம் கொடுப்பார் என்று எதிராளியால் எளிதில் ஊகிக்க முடியாது. பிறகு கோலைக் காக்கும் கோலியின் முகம். கவசம் இல்லாத வெறும் முகம். இன்றைய கோலிகளைப் போலச் சட்டென்று மண்டியிடாமல் அவர் கூடியவரை நின்றே தடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆடுதளத்தைச் சுற்றியிருக்கும் பலகையையும் மறக்காதீர்கள்: கேரம் ஆடிக் கை பழகியவர்களுக்கு, பலகையில் பட்டுத் திரும்பும் பாஸை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போட்டி நடந்த இடமும் ஆட்டத்தில் ஒரு பங்கு. 1948-இல் தொடங்கி முதல் பத்து ஆண்டுகளும் தேசியப் போட்டி கொலராடோ ஸ்பிரிங்ஸில், பிராட்மூர் ஓட்டலின் ரிங்கில்தான் நடந்தது. கிழக்கிலிருந்து இரண்டு, மேற்கிலிருந்து இரண்டு என நான்கே அணிகளுக்கு அழைப்பு. ஊர் இருப்பது சுமார் 6,000 அடி உயரத்தில். தாழ்வான ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு மூன்றாவது பகுதியில், அதாவது கடைசி இருபது நிமிடத்தில், மூச்சு வாங்கும். அந்தப் பகுதியின் ஸ்கோரைத் தனியாகப் பாருங்கள்.

1954-இல் அங்கே வந்த அணிகளில் ஒன்று, நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரிலிருந்து ரென்சலேர் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரி. கடற்படை வேண்டாமென்று ஒதுக்கிய கிடங்கு ஒன்றை ராட் ஐலண்டிலிருந்து கொண்டுவந்து நிறுத்தி, 1949-இல் திறந்ததுதான் அவர்களுடைய அரங்கம். எனக்கு இந்தச் செய்தி அலுப்பதே இல்லை. பயிற்சியாளர் நெட் ஹார்க்னெஸ். அரையிறுதியில், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் வென்றிருந்த மிச்சிகனை 6-4 என்று வீழ்த்தினார்கள். இறுதியில் எதிரே மினசோட்டா. மூன்று பகுதிகள் முடிந்தபோது 4-4. கூடுதல் நேரம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கோர்டி பீட்டர்கின் அடித்த கோலில் ரென்சலேர் வென்றது.

14-1 என்ற அரையிறுதியையும் 5-4 என்ற இறுதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே மாபெரும் ஆட்டக்காரர், ஒரே ரிங்க், இரண்டொரு நாள் இடைவெளி. முதல் அட்டையில் ஓர் ஆற்றல் கட்டவிழ்வதைக் காணலாம். இரண்டாவதில் அதை ஒரு சிறு கல்லூரி கட்டிப்போட்டதை. எனக்கு இரண்டாவது அட்டைதான் பிடிக்கும், மயாசிச் பக்கமே மனம் நின்றாலும்.

கல்லூரி ஹாக்கியின் தேசியப் பட்டம் மயாசிச்சுக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 1956-இல் இத்தாலியின் கார்ட்டினா ஒலிம்பிக்கில் அமெரிக்கா 4-1 என்று கனடாவை வென்ற ஆட்டத்தில் மூன்று கோல் அவருடையவை. அந்த அட்டையையும் தேடிப் பாருங்கள். கோல்களுக்குப் பக்கத்தில் பாஸ் கொடுத்தவர்களின் பெயர்கள் இருந்தால், முதலில் அவற்றைப் படியுங்கள்.