மெதுவாக வாசித்த குற்றம்

1962 ஏப்ரல் 6, நியூயார்க் கார்னகி ஹால். பிராம்ஸின் டி மைனர் பியானோ கான்செர்ட்டோவைத் தொடங்குமுன் நடத்துநர் பெர்ன்ஸ்டைன் சபையிடம் பேசினார்: க்ளென் கூல்டின் இந்த வாசிப்பில் தனக்கு உடன்பாடில்லை என்று. உடன்பாடில்லைன்னா நடத்தாமலே இருந்திருக்கலாமே என்பவர்களோடு நான் சேரமாட்டேன். மறுப்பைச் சொன்னவர் மேடையையும் கொடுத்தார். என் சண்டை நியூயார்க் டைம்ஸின் ஷோன்பெர்க்கோடுதான். கூல்டின் விரல்களுக்கு அவ்வளவுதான் முடியும்போல என்று கிண்டலடித்தார் அவர். பிரதியின் முதல் பகுதிக்குத் தலைப்பாக இருப்பதோ 'மாயெஸ்தோசோ', கம்பீரமாக என்கிற ஒரே சொல். அதிலிருந்து எந்த வேகத்தைச் சட்டமாக்குவது? பியானோவும் இசைக்குழுவும் மல்லுக்கட்டும் வழக்கத்தைத்தான் கூல்டு மறுத்தார். அதோடல்லவா வாதாடியிருக்க வேண்டும்? 1983இல் வியன்னாவில் ஸிமர்மானோடு வாசித்தபோது பெர்ன்ஸ்டைனும் மெதுவாகத்தான் போனார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். கூல்டினுடையதில்தான் பியானோ இசைக்குழுவுக்குள் கரைகிறது.